மூன்று பத்துக்குப் போன சாவி

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, கண்ணுகளா. ஆனால் கதை கட்டுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். காசில்தா இருக்கும் தெருவில்தான் நானும் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். அவள் வீட்டுப் பீங்கான் கிண்ணத்துக்குள் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படியுங்கள் என்று சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். இது நடந்ததே பட்டப்பகலில்தான்.

எங்கள் ஊரான மொந்தார்கோவுக்கு வருகிற வெளியூர்ச் சனங்கள் மூன்றைப் பார்க்க வருவார்கள். பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் கூடு கட்டியிருக்கும் கழுகுகள். ரோமானியர் காலத்து இரட்டை வளைவுப் பாலம். பாறை உச்சியில் ஆயிரம் வருஷத்துச் சிற்றாலயம். அந்தச் சிற்றாலயத்தை ஒட்டிப் பதினோரு கல்லறைக் குழிகள் உண்டு. பாறையிலேயே ஆள் உருவத்துக்குக் குடைந்தவை. தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு அகலம், காலுக்கு ஒடுக்கம். உள்ளே இருந்த எலும்பெல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது. வருகிறவர்கள் அதற்குள் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் யாரும் படுப்பதில்லை. அளவு சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

படுத்த ஒரே ஊர்க்காரன் எவரிஸ்தோ. காசில்தாவின் புருஷன், தேனீ வளர்த்தவன், எதையும் விளையாட்டாக எடுப்பவன். கல்யாணமான புதிதில் ஓரத்துக் குழியில் இறங்கிப் படுத்து, "அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்குடி" என்றான். காசில்தா அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

இது நடப்பதற்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில் அவன் தேன் பெட்டிகளைப் பார்க்கப் பள்ளத்தாக்கில் இறங்கினான். நாலு நாள் மழை விட்ட மறுநாள். நாளைக்குப் போகிறேனே என்றுதான் சொன்னான். இன்றைக்கே போய்ப் பார் என்று விரட்டியவள் காசில்தா. ஆறு பொங்கி வந்தது. தொப்பி மட்டும் கரையோர மரத்தில் மாட்டிக் கிடைத்தது.

உடல் இல்லாவிட்டால் சாவும் இல்லை. பாதிரியார் துக்க மணி அடிக்கவில்லை. கோயில் சுவரில் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பை யாரும் ஒட்டவில்லை. சட்டம் பத்து வருஷம் காத்திரு என்றது. காசில்தா மனைவியா விதவையா என்று அவளுக்கே தெரியாது. கறுப்பு உடுத்தவும் மனசில்லை, கலர் உடுத்தவும் மனசில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு உடுப்பு வாங்கி அதையே மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு சொட்டு அழவில்லை. சம்மணம் போட்டு மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும், அவள் முழுசும் அப்படி இருந்தாள். மகள் பட்டணத்துக்குக் கூப்பிட்டாள். நான் போய்விட்டால் அவர் வந்து கதவைத் தட்டும்போது யார் திறப்பது என்று கேட்டாள் காசில்தா, கணக்குக் கேட்பது போல.

சிற்றாலயத்துச் சாவி அவள் பொறுப்பு. ஒரே ஒரு சாவி. ஒரு சாண் நீள இரும்பு, வளையத்தில் ஊர்ப்பெயர் அடித்த தகரத் துண்டு. சாவி வேண்டுகிறவர் ஏதாவதொரு பொருளை அவளிடம் விட்டுப் போக வேண்டும். அடையாள அட்டையோ கார்ச் சாவியோ, எதுவானாலும் பீங்கான் கிண்ணத்தில் கிடக்கும். சாவி வந்தால் பொருள் போகும். இதில் தாட்சண்யமே கிடையாது. "பிஷப்பே வந்தாலும் மோதிரத்தைக் கழட்டச் சொல்லுவா" என்று பக்கத்து வீட்டுப் பெனிதா கேலி பேசுவாள்.

ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை. மழை பெய்து எழுபத்தோரு நாள். காலை பதினொரு மணிக்குப் பேருந்தில் ஓய்வூதியக்காரர்கள் கூட்டம் ஒன்று வந்தது. காசில்தாவே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் நின்று எல்லோரும் படம் எடுத்தார்கள். ஓரத்தில் அவள், கையில் சாவி. இந்தப் படத்தை நினைவில் வையுங்கள்.

இரண்டரைக்குச் சாப்பாடு முடிந்தது. ஜன்னல் மறைப்புகளை இறக்கினாள். மூன்று முதல் ஐந்து வரை எங்கள் ஊரில் நாய்கூட நிழலை விட்டு நகராது. வாசலில் வெயிலுக்குத் தொங்கவிட்ட தடித்த துணித் திரை. கூடத்தில் இருட்டு.

மணி மூன்று பத்து.

"சாவி."

திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். தொண்டை கட்டிய குரல். வெளி இரும்புக் கதவு திறந்தால் கிறீச்சிட்டுத் தெருவையே எழுப்பும். அன்று சத்தம் கேட்கவில்லை. காசில்தா அதை அப்போது யோசிக்கவில்லை. தூக்கக் கலக்கம். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, ஆயிரம் முறை சொன்ன பாடத்தைச் சொன்னாள்.

"எதாவது வெச்சுட்டுப் போங்க. ஆறு மணிக்குள்ள வந்துரணும். கதவு இறுக்கமா இருக்கும், திருப்புறதுக்கு முன்னால..."

"முழங்காலால முட்டித் தூக்கணும்."

முன்பு வந்துபோன ஆள் போலிருக்கிறது என்று எண்ணினாள். திரையோரமாக ஒரு கை நீண்டது. ஈரக் கை. வெகுநேரம் நனைந்த விரல்போல நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு வருகிறான் என்று நினைத்தாள். கனமான ஏதோ ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். பார்க்காமலே கிண்ணத்தில் போட்டாள். 'டங்' என்றது. வழி எது என்று அவன் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பார்கள்.

மணி ஐந்து. வரவில்லை.

ஆறு. வரவில்லை.

வாசற்படியில் ஈரம் இருந்தது. இரண்டு பாதம் அளவு. நெருப்பு வெயில் அடித்தும் மூன்று மணி நேரமாகக் காயவில்லை.

காசில்தாவுக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. இன்னொருவனையும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டேனா? பெனிதாவைக் கூப்பிட்டாள்.

"எவனாவது குடிச்சுப்போட்டுத் தூங்கிட்டிருப்பான். அட்டையில பேரு பாத்தியா?"

"அட்டை இல்லக்கா. என்னமோ வெச்சான். பாக்கல."

"நீயாடி பாக்கல?" என்றாள் பெனிதா. கிண்ணத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் இருவரும் மலைக்குக் கிளம்பினார்கள். அதற்குமேல் வழி முழுக்க அவள் கேலி பேசவில்லை.

ஏறிச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பது. கதவு பூட்டியிருந்தது. தட்டினார்கள். குரல் கொடுத்தார்கள். பதில் இல்லை. வழிப்போக்கர்கள் எட்டிப் பார்த்துக் கும்பிடக் கதவில் ஒரு சின்னக் கம்பி ஜன்னல் உண்டு. காசில்தா கண்ணை வைத்துப் பார்த்தாள்.

இருட்டு... கல்தளம்...

சொட்... சொட்...

தளத்தில் ஈரக் காலடிகள். பீடத்தை நோக்கிப் போயிருந்தன.

திரும்பி வரவில்லை.

உள்ளே யாரும் இல்லை.

"காசில்தா." பெனிதாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. மெதுவாக. "இங்க வா."

பத்துக் குழிகள் காய்ந்து கிடந்தன. தூசி, சருகு, ஒரு சிகரெட் துண்டு.

ஓரத்துக் குழி...

விளிம்பு வரை தண்ணீர்.

காசில்தா குனிந்து விரலை விட்டாள். எலும்பு வரை குளிர். அது ஆகஸ்ட் மாதத்துத் தண்ணீர் இல்லை.

மார்ச் மாதத்துத் தண்ணீர்.

இருவரும் இறங்கி வந்தார்கள். எட்டு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

முப்பது கிலோமீட்டர் கீழே, அணைத் தேக்கத்தில், வறட்சியில் நீர் இறங்கிச் சேறு தெரிந்த இடத்தில் மீன் பிடிக்கிறவர்கள் ஓர் உடலைக் கண்டிருந்தார்கள். உடல் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை; மிச்சம். மறுநாள் காலை காவல் சார்ஜென்ட் ஒரு மேசையில் மூன்று பொருளை வரிசையாக வைத்தார். மக்கிய தோல் மேலங்கி. இடுப்பு வாரில் வெறும் கத்தி உறை. அப்புறம் ஒரு சாவி. ஒரு சாண் நீளம். துருவின் பொட்டுக்கூட இல்லை.

"அம்மா, இந்தத் தகரத்துல ஊர்ப்பேரு இருந்ததாலதான் உங்க ஊருக்குப் பேசினோம். இல்லாட்டி பேரில்லாத குழியில போட்டிருப்போம். அவரு மேலங்கிப் பையில இருந்துச்சு."

காசில்தா சாவியைத் தொடவில்லை.

"எத்தன மணிக்குக் கண்டாங்க?"

"நேத்து மூணு நாப்பது." சார்ஜென்ட் பேனாவைத் திறந்தார். "இந்தச் சாவி எத்தன வருஷமாக் காணோம்?"

"நேத்து மூணு பத்துல இருந்து."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்துக்குள் கையை விட்டாள். கொம்புப் பிடி போட்ட தேனடைக் கத்தி, நுனி உடைந்தது. நுனியை உடைத்ததற்கு அவளே ஒருநாள் எவரிஸ்தோவைத் திட்டியிருக்கிறாள். துணியால் துடைத்தாள். மறுபடி ஈரம். திரும்பத் துடைத்தாள். நான் பார்க்கும்போதும் அது ஈரமாகத்தான் இருந்தது, கண்ணுகளா.

பல்லை வைத்து ஆளை உறுதிசெய்ய ஒன்பது நாள் ஆனது. சுவரில் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பு ஒட்டினார்கள். ஆண் செத்தால் கோயில் மணிக்கு மூன்று அடி. துக்க மணி மூன்று முறை அடித்தது. காசில்தா கறுப்பு உடுத்தி வந்தாள். அப்போதும் அழவில்லை. பெட்டியை மூடும் முன் குனிந்து கத்தியை உள்ளே வைத்தாள்.

"சாவி வந்துடுச்சு. உன் பொருள நீ எடுத்துக்க" என்றாள்.

அன்று மாலை பெனிதா மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஓரத்துக் குழி காய்ந்து கிடந்ததாம். தூசிகூடப் படிந்திருந்ததாம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் சார்ஜென்ட் காத்திருந்தார். அந்தப் பேருந்துக்காரர்களிடம் கேட்டு வாங்கிய படத்தைக் கையில் வைத்திருந்தார். காசில்தாவின் கையில் சாவி தெளிவாகத் தெரிந்தது. கீழே தேதியும் நேரமும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறிக்கையில நான் எழுதாத ஒண்ணு இருக்கும்மா," என்றார். "சாவி இருந்த பையில உலோகப் பல் வெச்ச ஜிப். மூடித்தான் கெடந்துச்சு. மூணு வருஷத் துரு, பல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருந்துச்சு. மூணு பேரு இழுத்தும் அசையல..."

படத்தை அவளிடம் நீட்டினார்.

"கத்தரியால வெட்டித்தான் சாவிய எடுத்தோம்."