எண்ணூர் கம்பெனியின் பதில்

இல்லாத வேலைக்கு ஆள் தேடியவன் நான். எண்ணூரில் ஒரு சரக்குக் கிடங்கு, கணக்கு எழுத ஆள் தேவை என்று வேலை தேடும் செயலியில் விளம்பரம் போட்டேன். கிடங்கும் இல்லை, கணக்கும் இல்லை! வியாசர்பாடி ஹவுசிங் போர்டின் இரண்டாம் மாடியில், கையில் போனோடு நான் மட்டும் இருந்தேன்.

பணம் பறிக்கவா? இல்லை. சிரிக்காதே... தெரிந்துகொள்ளும் ஆசை!

டிப்ளமோ முடித்துவிட்டு, செயலியே கதி என்று கிடந்த நாட்கள் அவை. 'புதியவர்கள் வரலாம்' என்பார்கள். கீழேயே முன் அனுபவம் கேட்பார்கள். சுயவிவரத்தில் உள்ளதையே மறுபடியும் கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்வார்கள். அனுப்பினால், 'உங்கள் விண்ணப்பம் பார்க்கப்பட்டது' என்று வரும். அதோடு சரி!

யார் பார்த்தது? என்ன நினைத்தார்? வியாசர்பாடி என்ற பெயரைக் கண்டதும், ரவுடி ஏரியா என்று தள்ளிவிட்டாரா? அதற்குப் பயந்துதான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் முகவரியில் பெரம்பூர் என்று போடுவோம். அதற்கும் பதில் வராது. ஒரே ஒரு முறை அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனம் குறுகுறுத்தது.

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. மீஞ்சூர், திருவொற்றியூர், ராயபுரம்... எம்.காம். படித்தவர்கூட! ஒன்றுவிடாமல் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. 'பெரம்பூர்'காரர்களில் எங்கள் ஆட்கள் யார் என்று பிளாக் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படித்தான் தேன்மொழி அக்காவின் விண்ணப்பத்தைக் கண்டேன். எங்களுக்கு மேல்மாடி. பி.காம். படித்தவர். கணவருக்கு ஹார்பரில் கால் அடிபட்டு, வீட்டில் சம்பாத்தியம் நின்றுபோயிருந்தது. பெரம்பூர் என்று போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

அப்போதே விளம்பரத்தை எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை? இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது எனக்கு... பதில் வந்தால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? எனக்குத்தான் ஒன்றும் வந்ததில்லையே! 'உங்கள் விண்ணப்பம் பிடித்திருக்கிறது. காத்திருங்கள், அழைக்கிறோம்' என்று எழுதி, கம்பெனி பெயரில் திறந்திருந்த பொய் மெயிலிலிருந்து அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா படியிறங்கி ஓடிவந்தார்.

"இன்னாபா, மெயிலு வந்துகீது பாரு! எண்ணூர் கம்பெனி! வெய்ட் பண்ண சொல்லிகீறாங்கோ!"

அந்த முகத்தைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன்? பார்த்தேன்.

"டோல்கேட்டு மெடிக்கல்ல பில்லு போட நாளைலேர்ந்து வர சொன்னாங்கோ. இனிமே அது இன்னாத்துக்கு? வேணாம்னு சொல்ட்டு வந்துட்டேன்."

"அக்கா..." என்று ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய் மெடிக்கல்காரரிடம் பேசியிருப்பார். "சூப்பர்க்கா" என்றேன். எவ்வளவு பெரிய கோழை நான்!

விளம்பரத்தை அன்றே அழித்தேன். மெடிக்கலில் வேறு பெண் சேர்ந்துவிட்டாள். அக்கா காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுகொண்டு நூல் பிசிறு வெட்டப் போனார். இன்றும் அதுதான் வேலை. கால் வீங்கி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறுகிறார்.

என்னைத் திட்டியாவது இருக்கலாம்... அவருக்கு எங்கே தெரியும்?

"அந்த எண்ணூர்காரங்கோ நல்லவங்கபா," என்றார் ஒருநாள், என் வாசலில் மூச்சு வாங்கியபடி. "எனக்குப் பதில் போட்டது அவங்கோ மட்டுந்தான்."

அந்தப் பொய் மெயில் கணக்கை நான் இன்னும் மூடவில்லை. போன வாரமும் அக்கா எழுதியிருந்தார்: 'ஐயா, இன்னும் காத்திருக்கிறேன். வேலை இருந்தால் தெரிவிக்கவும்.'

அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன் அல்லவா? இப்போது அங்கே இருப்பவன் நான்தான்! திறந்து படித்தேன். மறுபடியும் படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை...

பதில் போடவில்லை.