தாலி கட்டியதும் நின்றுவிடும் கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளி ஆண்டு விழா வீடியோ அதில் ஏறமாட்டேன் என்கிறதாம். “அத்தை, முப்பத்திரண்டு ஜிபியும் காலியாத்தான் இருக்கு. ஃபைல் பெருசுன்னு பொய் சொல்லுது அத்தை.”

பொய் இல்லை. பழைய முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் அது. எவ்வளவு இடம் இருந்தாலும், ஒரே ஃபைலாக நாலு ஜிபிக்கு மேல் கொடுத்தால் வாங்காது. இரண்டு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தேன். அவள் என்னைப் பெரிய மேதை போலப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கோ மூக்கில் மிளகாய்த்தூள் நெடி ஏறியது. இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டபோது என் பக்கத்து நாற்காலியில் ஒரு மாவு மில்லே உட்கார்ந்திருந்தது, அதனால்தான்.

அப்போது சிதம்பரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, வாசலில் செருப்புக் குவியல். ஆறு மாத டிப்ளமோ முடித்திருந்தேன். பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் எடுப்பதுதான் எனக்கு உண்மையிலேயே கைவந்த கலை. ஆனால் தேர்வு முடிவு பார்க்க வருகிறவர்கள் என்னை மேடம் என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே மின்வெட்டு வேர்வையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கடை முழுக்கத் தும்மல். வாசலில் ஒரு அம்மாள், புடவை முந்தானையெல்லாம் சிவப்புத்தூள். புவனகிரியில் மாவு மில் வைத்திருக்கும் அஞ்சலாட்சி அக்கா. கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் யாரோ எழுதிக் கொடுத்த நீளமான லிங்க்.

“இதுல எம் பொண்ணு கல்யாணம் இருக்குதாம். எடுத்துக் குடு பாப்பா.”

விஷயம் இதுதான். மகள் சத்யாவின் கல்யாணம் ஒன்றரை வருடத்துக்கு முன் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டியதும் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். பெண்ணின் நெற்றியில் தங்க நிறத்தில் மின்னும் அந்தச் சின்னப் பட்டத்தைக் கட்டுவது அவருடைய உரிமை. சத்யாவின் தாய்மாமன் கலியமூர்த்தி, அஞ்சலாட்சி அக்காவின் கூடப் பிறந்த தம்பி, மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். அன்று பட்டத்தைக் கட்டியது அவரில்லை. பண்ருட்டியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி கட்டினார். “என்னை மேடைக்கே கூப்பிடல” என்று கலியமூர்த்தி சாப்பிடாமல் எழுந்து போனவர்தான். அதன்பின் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

“மைக்குல மூணு தடவ கூப்ட்டாங்க பாப்பா. எங் காதால கேட்டன். இவன் வெளியில போயி நின்னுகிட்டு, கூப்பிடலன்னு ஊர் பூரா சொல்லிகிட்டுத் திரியறான்.”

இப்போது சத்யா ஏழு மாதம். வரும் ஞாயிறு வளைகாப்பு. மாமா வராவிட்டால் எனக்கு ஒரு வளையலும் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். கல்யாண டிவிடியில் வெட்டி ஒட்டிய காட்சிகள்தான் இருந்தன. வெட்டாத முழு வீடியோ, படம் எடுத்தவர் வெளிநாடு போனபோது அவரோடு போய்விட்டது. அக்கா விடாமல் போன் போட்டு, அவரும் மனம் இரங்கி, ஆறு ஜிபியை ஒரே ஃபைலாக ஏற்றி அனுப்பியிருந்தார். ஒரு வாரத்தில் லிங்க் செத்துவிடும்.

எங்கள் இணைய வேகத்துக்கு அது ஒரு முழுப் பகல் வேலை. திங்கள் சாயங்காலம் முக்கால்வாசி வரும்முன்பே நின்றது. டிஸ்கில் இடமில்லை என்றது திரை. இருபது ஜிபி காலியாக இருந்தது என்பதை நான் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய காலம். இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று கடை ஓனர் அண்ணன் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளில் பாதியை அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை முதலிலிருந்து மறுபடி. அதே இடத்தில் நின்றது. மீதிப் பாட்டையும் அழித்தேன். புதன்கிழமை மோடத்தைக் குற்றம் சொன்னேன், ஒயரை மாற்றினேன், இணைப்புக் கொடுத்தவரைப் போனில் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, “மேடம், லைன் நல்லா இருக்கு. ஒங்க சிஸ்டத்தப் பாருங்க” என்றார். மேடம் என்று சொன்னதால் அவரை மன்னித்தேன்.

அக்கா தினமும் மில்லைத் திறந்து கணவரிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். பாதி இறங்கிய வீடியோவையும் ஓட்டிப் பார்க்க முடியும், அந்த வகை ஃபைல் அது. அதனால் மூன்று நாளும் நாங்கள் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தோம். மூன்று நாளும் தாலி ஏறியது, மேளம் உச்சத்துக்குப் போனது, அட்சதை பறந்தது, அந்தரத்தில் அரிசி அப்படியே நிற்கப் படம் உறைந்தது.

“அடுத்துதான் பாப்பா பட்டம் கட்றது. அதுக்குள்ள இதுக்கு இன்னா கேடு?”

உறைவதற்கு முன்னால் வரும் கூட்டத்தில் கலியமூர்த்தியைக் காட்டினார். பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடுகிற ஒல்லி மனிதர். ஒரு குழந்தையின் இலைக்கு முன்னால் குனிந்து ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். “வேலைன்னா அவன்தான்” என்றார் அக்கா. உடனே கோபம் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் படம் மூன்று தடவையும் ஒரே அட்சதையில் நின்றது என் மரமண்டைக்கு வியாழக்கிழமைதான் உறைத்தது. லைன் கெட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் அல்லவா நிற்கும்? ஃபைல்களின் அளவைப் பார்த்தேன். மூன்று நாளும் இம்மி பிசகாமல் சரியாக நாலு ஜிபி. இணையத்தில் தேடினால், எந்த ஊர்க்காரரோ இதையே கேட்டு அழுதிருந்தார். அவருக்குக் கிடைத்த பதில்தான் எனக்கும். டிஸ்க் பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று திணறினேன். “இடம் இருக்குக்கா. ஆனா ஒரே ஃபைலா நாலுக்கு மேல வாங்காது.”

“அட, எங்க மிசினும் அப்டித்தான்! மூட்டையோட கவுத்தா வாய் அடைச்சுக்கும். அதுக்குப் போயி மூணு நாளு தேடுன?”

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், உள்ளே இருப்பது அழியாமலே மாற்றிவிடலாம் என்று அந்தப் பதிலில் இருந்தது. ஓனர் அண்ணனிடம் அனுமதி கேட்டேன். “உள்ள இருந்தது எல்லாம் பாட்டு. அதைத்தான் நீயே தொடைச்சுட்டியே, இனி போறதுக்கு இன்னா இருக்கு?” என்றார். தட்டினேன். மாற்றி முடித்து, நின்ற இடத்திலிருந்தே இறக்கத்தைத் தொடர்ந்தபோது அந்த நாலு ஜிபி என்ற எண் மெல்ல அசைந்தது. நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டோம். எனக்குத் தும்மல் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் முழுவதும் இறங்கியது. அட்சதை கீழே விழுந்தது.

மேடையில் ஒரே நெரிசல். “தாய்மாமன் யாரு, சீக்கிரம் வாங்க” என்கிறார் ஐயர். அதற்குப் பதில் சொல்லும் குரல் எங்கள் இருவருக்குமே நன்றாகத் தெரிந்த குரல். “நேரமாவுது, நீ கட்டுடா தம்பி” என்று பண்ருட்டிக்காரரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது ஒரு வளையல் கை. அஞ்சலாட்சி அக்காவின் கை.

திரையின் இடது ஓரத்தில், மேடைப் படியில் கலியமூர்த்தி. மடித்த வேட்டியை இறக்கிவிட்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, கையில் தான் வாங்கிவந்த பட்டம் வைத்த தட்டோடு ஏறி வருகிறார். மூன்றாவது படியில் நிற்கிறார். பார்க்கிறார். தட்டை ஒரு நாற்காலிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போகிறார். அதன் பிறகுதான் மைக் கூப்பிடுகிறது. மூன்று தடவை. அக்கா சொன்னது சரி. கட்டி முடித்த பிறகு கூப்பிட்டது.

“இன்னொரு தடவ போடு” என்றார் அக்கா. போட்டேன். மேடையைப் பார்க்கவில்லை, அந்த இடது ஓரத்தையே பார்த்தார்.

“பென் டிரைவ்ல ஏத்தட்டுமாக்கா?”

“வேணாம். அழிச்சுடு.”

“இவ்ளோ கஷ்டப்பட்டு... மாமாவுக்குக் காட்டத்தானே கேட்டீங்க?”

“அவனுக்கு எதுக்குக் காட்டணும்? அவனுக்குத்தான் தெரியுமே.”

அழித்தேன். ஐந்து நாள் இறங்கியது ஒரு விநாடியில் போனது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மிளகாய்த்தூள் கண்ணில் பட்டதோ என்னவோ, வெகுநேரம் துடைத்தார். பிறகு, மேல்பட்டாம்பாக்கத்துக்கு எந்த பஸ் முதலில் வரும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

தம்பி வீட்டில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போனபோது ஒல்லி மனிதர் வேட்டியை மடித்துக்கொண்டு பந்தல் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். சத்யா கன்னமெல்லாம் சந்தனமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளையல் போடும் நேரம் வந்ததும் அக்கா மனைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வாசல்வரை நடந்து போய், “கலியா, ஒம் பொண்டாட்டியக் கூப்ட்டுகிட்டு வாடா. நீ வந்தாத்தான் ஆரம்பிக்கறது” என்றார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “வரேன் இரு. கத்தாத” என்றார்.

அந்தச் சென்டர் இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. மூன்று வருடத்துக்கு முன் கலியமூர்த்தி மாமா மாரடைப்பில் இறந்துபோனார். பதினாறாம் நாள் முடிந்து சத்யா எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, எங்க கல்யாண வீடியோ முழுசும் நீங்க ஒரு தடவ எடுத்தீங்களாமே. ஆல்பத்துல மாமா ஒரே ஒரு போட்டோவுலதான் இருக்காரு, அதுவும் பாதி முகம். டிவிடியிலயும் இல்ல. வீடியோக்காரரக் கேட்டா, அவரோட பழைய டிஸ்கும் போயிடுச்சாம். அவரு நடக்கற மாதிரி, பேசற மாதிரி எதுவுமே எங்ககிட்ட இல்லக்கா. அதுல மாமா இருந்தாரா?”

படியில் நின்ற கதையை அவளிடம் சொல்லவில்லை. “இருந்தாரு. பந்தியில ஒரு கொழந்தையச் சிரிக்கவச்சாரு. ஆனா இப்ப அது இல்ல சத்யா” என்றேன். எந்தக் குழந்தை, என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் மூன்று நாள் பார்த்த காட்சிதான். மேளச் சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.