பவானியின் விண்ணப்பமும் ஊரின் முறையும்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். தன்னைத் தானே புகழ வேண்டும், ஆனால் தற்பெருமை தெரியக் கூடாது. மூன்று பேர் அவளை நல்லவள் என்று சொல்ல வேண்டும், ஆனால் சொன்னதை அவள் பார்க்கக் கூடாது. பிறந்ததிலிருந்து செய்ததை எல்லாம் இரண்டு பக்கத்தில் அடக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் 'வருந்துகிறோம்' என்று பதில் வரலாம். அது என்ன?

பவானியின் அம்மா அலமேலுவிடம் இதைக் கேட்டபோது அவர் நண்டு கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் "பொண்ணு பாக்குறது" என்றார். தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் நினைத்து வைத்திருந்த விடை, மேற்படிப்புக்கான விண்ணப்பம்.

விண்ணப்பம் எழுதித் தருவது ஒரு தொழில்தான். செய்கிறவருக்கு மட்டும் அது தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஒருமுறையாவது இதில் மாட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காக. நான் ஒரு வாரப் பத்திரிகையில் நெடுங்காலம் குழந்தைகள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள். புள்ளிகளை இணைக்கச் சொல்வது, முயலுக்கு வழி காட்டச் சொல்வது, ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வது என் வேலை. ஓய்வு பெற்றபின் பழவேற்காட்டில் வந்து குடியேறினேன். எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் இங்கே எனக்கு 'டீச்சர்' என்று பெயர். எழுதத் தெரிந்தவள் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். பட்டம் வாங்கியவர்களும் வருகிறார்கள். பழக்க தோஷத்தில் எல்லோரையும் நான் குழந்தை என்றே நினைக்கிறேன்.

அப்படி வந்த குழந்தை பவானி. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். பொன்னேரிக் கல்லூரியில் விலங்கியல் முடித்தவள். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணலால் அடைபடும்போது இறாலுக்கு என்ன ஆகிறது என்று படிக்க ஆசைப்பட்டாள். வட ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் அதைச் சொல்லிக்கொடுத்தது, உதவித்தொகையும் தந்தது. வீட்டில் ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதம் கிடைத்திருந்தது. கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கல்யாணம். நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

ஆறு வித்தியாசங்கள்

முதலில் சான்றிதழ்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை மூன்றையும் என் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் மூன்று பிறந்த நாள். ஒன்றில் அப்பா பெயர் ஏழுமலை, இன்னொன்றில் தாத்தாவின் பெயர் அப்பாவாகியிருந்தது. சொந்த ஊர் ஒன்றில் பழவேற்காடு, ஒன்றில் பொன்னேரி, மூன்றாவதில் அந்த இடம் காலி. என் பக்கத்தில் இதைப் போட்டிருந்தால் மிக எளிது என்று குழந்தைகள் குறை சொல்லியிருப்பார்கள்.

பொன்னேரியில் ஒரு கணினி மையத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்த இளைஞர் மூன்றையும் பொறுமையாகப் படித்தார். பவானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுல எந்தப் பவானி வெளிநாட்டுக்குப் போறாங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா, நான் பதிஞ்சு தரேன்."

நானும் நாங்களும்

அடுத்தது, தன்னைப் பற்றியும் தன் நோக்கத்தைப் பற்றியும் எழுதும் கட்டுரை. பவானி அழகாக எழுதியிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, விரலில் துள்ளுவது இறாலா நண்டா என்று பார்க்காமலே அறிவது பற்றி எழுதியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு அப்படி இறங்கியவள். ஆனால் கட்டுரை முழுக்க 'நாங்கள்' இறங்கினோம், 'நாங்கள்' கவனித்தோம். பல்கலைக்கழகமோ 'நீங்கள் தனியாகச் செய்தது என்ன?' என்று கேட்டிருந்தது.

எல்லாவற்றையும் 'நான்' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினாள். அதை வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அலமேலு கூடையோடு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை, கவலைதான். பல்கலைக்கழகம் அப்படித்தான் கேட்கிறது என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். போகும்போது சொன்னார்: "எல்லாம் நானே புடிச்சேன், நானே பாத்தேன்னு எழுதினா, நாளைக்கு யாரு டீச்சர் இவகூட தண்ணியில எறங்குவா?"

மூன்று நல்ல வார்த்தை

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். முதல் பேராசிரியர், பவானியைத் தனக்கு மிக நன்றாகத் தெரியும் என்றார். நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னார். சக துன்பக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது கடிதம், ஏரித் தண்ணீரைச் சோதிக்க வந்தபோது பவானியை உதவிக்கு வைத்துக்கொண்ட ஆய்வாளர் தந்தது. மூன்றாவதாக இன்னொரு பேராசிரியர் சம்மதித்தார். அதற்குள் செய்தி குப்பத்துக்குப் போய்விட்டது. ஊர்ப் பெண் வெளிநாடு போவதென்றால் ஊர் அல்லவா கடிதம் கொடுக்க வேண்டும்?

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் வலை போட நல்ல இடங்கள் சிலதான் உண்டு. அவற்றைப் 'பாடு' என்பார்கள். எந்த நாளில் யார் பாட்டில் இறங்குவது என்று ஊர் வரிசை போட்டு வைத்திருக்கிறது. முறை வந்தவர் வலை போடாமல் கரையில் நின்றுவிட்டால் அந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும். வரிசையில் ஆண்கள் மட்டும்தான். குப்பத்தில் எந்தத் தகராறு வந்தாலும் கடைசியில் அந்த வரிசையை வைத்துத்தான் தீர்ப்பார்கள்.

கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று ஊர் நிர்வாகிகளுக்குள் தகராறு வந்தது. அன்றைய முறைக்காரர் போடட்டும் என்று முடிவானது. அன்று முறை தனசேகருக்கு. வரிசையில் பவானியின் அப்பா ஏழுமலைக்கு அடுத்தவர் அவர். பவானியிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. 'மேற்படி பெண் மீது ஊரில் புகார் எதுவும் இல்லை' என்று எழுதி, ஊர் முத்திரை வைத்துத் தந்தார். பல்கலைக்கழகம் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் கடிதத்தைத்தான் ஏற்கும் என்று ஊர்த் தலைவர் கன்னியப்பனிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "ஊரே சொல்லுது நல்ல பொண்ணுன்னு. அதுக்கு மேல ஒரு புரொபசர் இன்னா சொல்லிடப் போறாரு?"

கூடுதல் ஆவணங்கள் என்று ஒரு பகுதி இருந்தது. அங்கே அதையும் ஏற்றிவிட்டோம்.

பாலத்தில் நேர்காணல்

கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சில வாரங்களில் காணொளி நேர்காணலுக்கு அழைத்தார்கள். என் வீட்டில் இணைப்பு மூச்சுத் திணறும். ஏரிப் பாலத்தின் மேல்தான் சிக்னல் நன்றாக வரும். ஆகவே பவானி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எதிரில் நின்றேன். காற்று அவள் துப்பட்டாவை அடிக்கடி பேராசிரியர்கள் முகத்தில் வீசியது. பேருந்துக்காக அங்கே நின்றிருந்த மீன் கூடைக்காரப் பெண்கள் சிலர், பேருந்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள்.

கேள்விகளுக்கு அவள் திடமாகவே பதில் சொன்னாள். பத்து ஆண்டுகள் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தோம். அவள் தொடங்குவதற்குள், பக்கத்தில் இருந்த கூடைக்காரம்மா என்ன கேட்கிறார்கள் என்று என்னிடம் விசாரித்தார். மெதுவாகச் சொன்னேன். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை: "பத்து வருசம் கழிச்சு ஏரி எங்க இருக்கும்னு மொதல்ல அவங்கள கேளுடி."

பேராசிரியர்களில் ஒருவர் அந்த அம்மா சொன்னதை மொழிபெயர்க்கச் சொன்னார். பவானி மொழிபெயர்த்தாள். ஒத்திகை பார்த்த பதிலைச் சொல்ல வாய்ப்பே வரவில்லை.

பெயரை மட்டும் மாற்றுங்கள்

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் கிடைத்தது. ஒரு தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏழுமலை வாய் திறந்தால் பெரும்பாலும் 'பாக்கலாம்' என்பார். படகுத்துறையில் நாலு பேர் விசாரித்தபோதும் அதையே சொன்னார். அனுப்பலாமா வேண்டாமா என்று யோசனையாக இருக்கிறது, பாக்கலாம். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலை தனசேகர் தன் மகன் அருணையும் அவனுடைய மதிப்பெண் சான்றிதழ்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அருண் வணிகவியல் படித்தவன். உனக்கு இறாலைப் பற்றிப் படிக்க விருப்பமா என்று கேட்டேன். அங்கே குளிரும் என்று மட்டும் சொன்னான். அவன் அப்பாவுக்கு எதிலும் சந்தேகம் இல்லை. ஊர் முத்திரை போட்ட கடிதத்தால் கிடைத்த இடம், அதனால் ஊருக்குச் சொந்தம். ஏழுமலை வீட்டார் கரையில் நிற்கிறார்கள், அதனால் அடுத்த வீட்டுக்கு. ஒரு பல்கலைக்கழகம் வேறு எப்படியும் நடந்துகொள்ளும் என்று அவர் கற்பனைகூடச் செய்யவில்லை. பொறுமையாக விளக்கினேன். அவர் என்னைவிடப் பொறுமையாக விளக்கினார்: "அவங்க மொறை போடலன்னா அடுத்த மொறை எங்களுது. நீங்க பேர மட்டும் மாத்திக் குடுங்க டீச்சர், மத்ததெல்லாம் அப்டியே இருக்கட்டும்."

ஊர்க்கூட்டம்

நான் மறுத்ததால் விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றிருந்தோம். தனசேகர் தன் நியாயத்தைச் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். ஏழுமலையைக் கேட்டார்கள். பாக்கலாம் என்றார். பவானி எங்கள் பக்கத்திலிருந்து முன்னால் போய் நின்றாள்.

தனசேகர் மாமா சொல்வது சரிதான், முறை என்றால் முறைதான் என்று அவள் தொடங்கியதும் அலமேலு என் கையைப் பிடித்துக்கொண்டார். பவானி கன்னியப்பனைப் பார்த்துக் கேட்டாள்: "ஆனா மொறை இருக்குறவன்தான அத வுட முடியும்? வரிசையில என் பேரு எங்க கீது தலைவரே?"

கன்னியப்பனுக்கு வரிசை மனப்பாடம். உதடு அசைய ஒருமுறை முழுவதும் சொல்லிப் பார்த்தார். எங்கும் பவானி வரவில்லை. அவள் விடவில்லை. தனக்கு முறை இல்லையென்றால் பல்கலைக்கழக இடம் தானே தேடிக்கொண்டது, அடுத்தவருக்குப் போகாது. முறை உண்டென்றால் ஏரியிலும் உண்டு, அங்கேயும் பெயர் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை ஊர் சொல்லட்டும் என்றாள். பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பாக்கலாம் என்று சொல்லவில்லை.

ஊர் முறைக்கு மதிப்பில்லை என்று கன்னியப்பன் வாயால் சொல்ல முடியாது. மாதங்களை விரலில் எண்ணிப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. பவானியின் பெயரைச் சேர்த்தால் அதற்கு முதல் முறை மழை முடிந்த பிறகுதான் வரும். பல்கலைக்கழகம் அதற்கு முன்பே திறந்துவிடும். பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொன்னார்: "பேரு சேத்துக்கலாம், அதுல இன்னா. ஆனா மொறை வர்றன்னிக்கு ஆளு இங்க இருக்கணும். இல்லன்னா அடுத்தவனுக்குத்தான், அப்புறம் பொம்பளைங்க யாரும் மொறைன்னு வந்து நிக்கக் கூடாது."

மூன்று கட்டங்கள்

பதில் அனுப்ப வேண்டிய நாளன்று பவானியும் அவள் பெற்றோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஏற்கிறேன், மறுக்கிறேன், ஓராண்டு ஒத்திவைக்கிறேன். மூன்றாவதைத் தேர்ந்தால் உதவித்தொகையும் காத்திருக்கும் என்று கீழே எழுதியிருந்தது. நான் முதல் கட்டத்தைத் தவிர மற்றவற்றைப் படிக்கவே இல்லை. பவானி மூன்றையும் படித்தாள்.

அவள் யோசனை புரிந்ததும் நான் வாதாடினேன். ஓராண்டில் வீட்டார் மனம் மாறலாம், வரன் வரலாம், இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதம் என்று எனக்கும் நினைவிருக்கிறது என்றேன். ஏழுமலையைப் பார்த்தேன். அவர் வழக்கமான 'பாக்கலாம்' சொல்லும் நேரம் அது. அவர் மகளைப் பார்த்தார். வலைக்கு நாலு ஆள் வேண்டும், தன்னோடு வலை போடுகிறவரையும் அவளையும் சேர்த்தால் மூன்றுதான் வரும், இன்னொருவரைப் பேசிப் பிடிக்க வேண்டும் என்றார். அலமேலு நானும் வருகிறேன் என்றார். நீங்கள் வலையில் இறங்கியதே இல்லையே என்று நான் கேட்டதற்கு, கையால் பிடித்தவளுக்கு வலை என்ன பெரிய வித்தை என்று கேட்டார்.

இருந்தாலும் யோசி என்று பவானியிடம் கடைசியாக ஒருமுறை சொன்னேன். "யோசிச்சிட்டேன் டீச்சர். மொத மொறைய நானே வுட்டுட்டா, பொம்பளைக்குக் குடுத்தா இப்டித்தான்னு இன்னொருத்திக்குக் குடுக்க மாட்டாங்க. யுனிவர்சிட்டில எடம் ஒரு வருசம் இருக்கும்னு எழுதியே குடுத்துட்டாங்க, ஊர்ல எழுதிக் குடுக்க மாட்டாங்க" என்றாள்.

ஆக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக இத்தனை பேர் சேர்ந்து முழுமையாக்கிய விண்ணப்பத்தின் பேரில் முதல் சேர்க்கை எங்கள் ஏரியில்தான் நடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பவானி மூன்றாவது கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள்.