பொம்மை ரயிலுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கூட்டிப் பெருக்குகிறேன். அங்கே நீளமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தண்டவாளம் போட்டு, கை நீளத்துக்கு ஒரு ரயில் வைத்திருக்கிறார்கள். ரப்பர் கயிற்றை இழுத்துக் கட்டி, சட்டென அவிழ்த்துவிட்டால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். நடுவில் குட்டியாக ஒரு சுரங்கம், ஒரு நடைமேடை. நிஜ ரயில் வேகமாகப் போனால் அந்தக் காற்று பக்கத்தில் நிற்கிறவர்களை என்ன செய்யும் என்று இதில் பார்க்கிறார்களாம்.

என் மகள் அங்கே உதவியாளர். ரயில் போய் நிற்கிற கடைசி முனையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கேமராவைப் பார்த்துக்கொள்வாள். கோழிப் பண்ணைக்கு அடிக்கிற அதே வலைதான். ஒரு முறை ரயிலின் மூக்கு கழன்று, வலையைக் கிழித்துச் சுவரில் போய் அடித்தது. சிமெண்ட் பூசிவிட்டார்கள். அந்த இடத்தைக் கூட்டும்போதெல்லாம் பூச்சை ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பேன்.

ஆயுத பூஜையன்று கல்லூரி வேனுக்கு வைத்தது போலவே இந்த ரயிலின் முன்சக்கரத்துக்கும் வேன் ஓட்டுநர் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். லாரி ஊர் ஆட்கள். சக்கரத்தைக் கண்டால் பழம் வைக்காமல் இருக்க மாட்டார்கள். கையால் தள்ளிப் பார்த்தார்கள். பழம் நசுங்காமல் எங்கோ உருண்டுபோனது.

“ஏனுங் சார், ஒரு பழத்த நசுக்கக்கூட உங்க ரயிலுக்குத் தெம்பில்லீங்களா?” என்றார் ஓட்டுநர். சோதனையை நடத்துகிற பேராசிரியரும் சிரித்துவிட்டுப் பொரிகடலை வாங்கப் போய்விட்டார்.

மறுபடி கல்லூரி திறந்ததும் சோதனை. விசில் ஊதிவிட்டார்கள். வலைக்கதவருகே நின்ற எனக்கு, சுரங்கத்துக்குள் தண்டவாளத்தின் மேலேயே மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அந்த முனையில் மகள் குனிந்திருந்தாள்.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே கிடையாது. கதவு திறந்திருந்தால் மணி அடிக்கும், ரயில் கிளம்பாது. முன்பு தெரியாமல் திறந்து திட்டு வாங்கியிருக்கிறேன். திறந்துவிட்டேன்.

“விசிலு கேக்கலீங்களாம்மா?” என்று பேராசிரியர் ஓடி வந்தார். துடைப்பத்தை நீட்டிக் காட்டினேன். பழத்தை எடுத்தவர், மகள் இருந்த முனையையும் சுவரில் இருந்த சிமெண்ட் பூச்சையும் திரும்பிப் பார்த்தார்.

மகள் வந்து என் கையைப் பிடித்தாள். “ஏம்மா இப்புடிச் சில்லுன்னு இருக்குது? வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?”

“வரல சாமி.”

“மணியடிச்சுப் பேசற ஆளு நீ ஒருத்திதான்!”

அவள் சிரித்தாள்.

“கேமராவ நாளைக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மாத்தீரலாம்,” என்றார் பேராசிரியர். “இன்னைக்கு ஒரு தடவ மட்டும் உட்டுப் பாத்தர்லாம். கதவச் சாத்துங்கம்மா.”

மகள் பழைய முனைக்கே நடந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கதவை மட்டும் சாத்தவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் கேமராவைக் கழற்றும் வரைக்கும் அடித்தது.