தொடக் கூடாத பட்டன்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் அதிகம். வாடகைக்குக் கார் விடும் கம்பெனியில் வாய் உள்ளவரைத்தான் வெளியே நிறுத்துவார்கள். என்னைப் போல் முகத்தை உர்ரென்று வைத்திருப்பவளைக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். நான் கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுப்பேன். மாமா அவர்களைக் காருக்குக் கூட்டிப்போய், எங்கெங்கே கீறல் இருக்கிறது என்று சுற்றிக் காட்டி, ஜிபிஎஸ்ஸில் அவர்கள் தங்கப்போகும் இடத்தைப் போட்டுக் கொடுத்து வழியனுப்புவார்.

விடுமுறைக்கு விமானத்தில் வந்து இறங்குபவர்களுக்கு முதல் பயமே எங்கள் ரோடுதான். அவர்கள் ஊரில் இடது என்றால் இங்கே வலது. வளைவுகள் வேறு. மாமா ஜன்னல் வழியாகக் குனிந்து, ஜிபிஎஸ்ஸின் தலையில் செல்லமாகத் தட்டுவார்.

"இந்த மகராசி சொல்றபடி போங்க, தப்பே வராது. வீட்டுல இருக்கிற மகராசி பேச்சை நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இவ பேச்சைத் தட்டினதே இல்ல."

இதைக் கேட்டு எல்லாப் புருஷன்மாரும் சிரிப்பார்கள், எல்லாப் பெண்டாட்டிமாரும் அவர்களை முறைப்பார்கள். நான் அக்காவிடம் போட்டுக் கொடுத்ததில் ஒரு நாள் மாமாவுக்குச் சோறு லேட்டானது. அப்போதும் அடுத்த நாள் அதே வசனம்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. விமான நிலையத்துப் பக்கம் வண்டி நிறுத்த ஒரு யார்டு, துறைமுகத்துப் பக்கம் ஒரு யார்டு. காலியான வண்டிகளை அங்கிருந்து இங்கே ஓட்டி வருவது மாமாவின் தம்பி, சின்னவன். முதலாளி பெட்ரோலை அளந்து ஊற்றுகிற ஆள். அதனால் சின்னவன் ஜிபிஎஸ்ஸைக் 'குறைந்த தூரம்' என்று மாற்றி வைத்துக்கொள்வான். அது குவாரி ரோட்டில் இறக்கி, ஆற்றின் மேல் இருக்கும் பழைய தரைப்பாலத்தின் வழியாகக் கொண்டுவந்து விடும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியும், ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. வண்டி வெளியூர்க்காரர் கைக்குப் போகும் முன் அதைத் திரும்ப 'நல்ல ரோடு' என்று மாற்ற வேண்டும். சின்னவன் மாற்றுவான். மாமா சரிபார்ப்பார்.

ஒரு நாள் சின்னவன் மாற்றவில்லை. அவன் மனைவிக்குக் குறைமாதத்தில் பிரசவமாகி, குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. சாவியை வீசிவிட்டு ஓடிவிட்டான். அதே நேரம் இரண்டு விமானங்கள் சேர்ந்து இறங்கி, கவுண்டர் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. மாமா அந்த வண்டியில் விடுதியின் பெயரை மட்டும் போட்டார், தலையில் தட்டி வசனத்தைச் சொன்னார், அடுத்த வண்டிக்கு ஓடினார்.

அந்த வண்டியை எடுத்தவர்கள் வயதான புருஷனும் பெண்டாட்டியும். வேறு தேசத்துக்காரர்கள், ஆனால் நம் பாஷை பேசுபவர்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சந்தோஷத்தில் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா என்னிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் கையைக் காட்டினேன்.

மலையில் மழை பெய்திருந்தது. மாலையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வண்டியை ஆறு இழுத்துக்கொண்டது. அவர் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டார். அந்த அம்மா வரவில்லை.

முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "கருவி தண்ணியில செத்துப்போச்சு. செத்தது சாட்சி சொல்லாது. வாயைத் திறக்கிறவன் அவனே போய் ஜெயில்ல உக்காந்துக்கட்டும்." மழையும் விதியும் செய்த வேலைக்குக் கம்பெனி பேர் கெடக் கூடாதென்று சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சின்னவன் மாமாவை வண்டி கழுவும் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய், "அண்ணே, நான் மாத்தாம விட்டுட்டேண்ணே" என்று காலைப் பிடித்து அழுதது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

நாலைந்து நாள் போயிருக்கும். ஆற்றிலிருந்து மீட்டு எங்களிடம் வந்திருந்த பெட்டியை வாங்க அந்தப் பெரியவர் வந்தார். ஒரு கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. கூட மகள். விஷயம் கேட்டு அவர்கள் ஊரிலிருந்து பறந்து வந்திருந்தாள். அப்பாவோடு உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அம்மா அந்த ரோட்டுல வேணாம்னு சொல்லியிருக்காங்க. இவர்தான் கேக்கல. எதையாவது நோண்டி மாத்தியிருப்பார். இவருக்குப் போன்ல ஒரு நம்பர் ஒழுங்கா போடத் தெரியாது, தெரியுமா?"

அவர் மாமாவிடம் போய் நின்றார். பெட்டியைக் கேட்கவில்லை.

"தம்பி, ஒரு உதவி. அதே மாதிரி வண்டி ஒண்ணு காட்டுங்க. நான் எதைத் தப்பா அழுத்தினேன்னு எனக்குத் தெரியணும்."

கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன், அவர்கள் பேசியது மட்டும் வெகுகாலம் கழித்து மாமா சொல்லித்தான் தெரியும். அவரை ஒரு காரின் முன் இருக்கையில் உட்கார வைத்தார் மாமா, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். முதலாளி அவருடைய அறை வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். சின்னவன் கொட்டகையில் குழாயைப் பிடித்தபடி நின்றான், தண்ணீர் அவன் செருப்பிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். சாவியைத் திருப்பினேன், இதோ 'போகலாம்' வந்தது, இதை அழுத்தினேன், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான். மாமாவுக்குத் தெரியும், அவர் செய்தது எல்லாமே சரி. ஒரு விரல்கூடத் தப்பாகப் படவில்லை.

"அவ சொன்னா தம்பி. 'இது ரோடு மாதிரியே தெரியலீங்க, திரும்பிடலாம்'னா. நான் நீங்க சொன்னதையே திருப்பிச் சொல்லி அவளைக் கிண்டல் பண்ணேன். மகராசி பேச்சைத் தட்டக் கூடாதுன்னு. அவளும் சிரிச்சா."

மாமா வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். 'ஐயா, தப்பு உங்களுடையதில்லை' என்றிருந்தால் போதும். அந்தப் பெண் வாசலிலிருந்து உள்ளே வந்து அப்பாவின் நல்ல கையைப் பிடித்திருப்பாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக் குழந்தையின் அப்பன் நின்றான். வாய்க்குப் பேர்போன மனுஷன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டி, ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார்.

"இதுவா இருக்கலாம்யா. தெரியாம கை பட்டிருக்கும்."

அவர் அதையே பார்த்தார். "நெனச்சேன்," என்றார். "கை பட்டிருக்கும்." இறங்கும்போது மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இனி வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க தம்பி. இதைத் தொட வேணாம்னு சொல்லுங்க. எனக்காக."

மகள் பெட்டியை வாங்கிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

அன்றிலிருந்து மாமா அந்த வசனத்தை விட்டுவிட்டார். பதிலுக்கு ஒவ்வொருவரிடமும், "எதை வேணா அழுத்துங்க, இந்த ஒரு பட்டனை மட்டும் தொட்டுராதீங்க" என்பார். அது திரையை இரவு வெளிச்சத்துக்கு மாற்றும் பட்டன். அதை அழுத்தினால் வெள்ளை கறுப்பாகும், வேறொன்றும் ஆகாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். "என்ன மாமா, புத்தி பிசகிடுச்சா? பாவம், கண்ணு கூசக் கூச ஓட்டுவாங்க" என்று நான் கேலி பண்ணுவேன். அவர் சிரிக்க மாட்டார். வயசாகுது என்று நினைத்தேன். வீட்டிலும் வாய் குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னாள், ஆரம்பத்தில் சந்தோஷமாக, அப்புறம் பயந்து. சின்னவனின் மகள் பிழைத்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். "பெரியப்பா" என்று காலைக் கட்டிக்கொள்வாள். அவளைத் தூக்கும்போதுகூட மாமா முகம் தெளியாது.

போன வருஷம் கவுண்டருக்கு ஒரு போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். பெண் குரல். அன்று பெட்டியை வாங்கிக்கொண்டு போன மகள். "கார்ல அப்பாகூட உக்காந்து சொல்லிக்கொடுத்தாரே, அவர் இருக்காரா?" என்றாள். மாமாவைக் கூப்பிட்டேன். அவருக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அப்பா தவறிட்டார்," என்றாள். "இத்தனை வருஷமா நான் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசினதில்ல. யார் கார்ல ஏறினாலும் அந்த பட்டனைத் தேடுவார், 'இதைத்தான் அழுத்தினேன்'னு டிரைவர்கிட்ட சொல்லுவார். எனக்கு எரிச்சலா வரும். கடைசி வரைக்கும் நான் அவரை மன்னிக்கல. அவரைத் திட்டாத ஒரே ஆள் நீங்கதான். நன்றி சொல்லத்தான் போன் பண்ணேன்."

மாமா கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். தம்பியை, குறைந்த தூரத்தை, தான் சரிபார்க்காததை, அந்த பட்டன் வெறும் வெளிச்சப் பட்டன் என்பதை எல்லாம் சொன்னார். அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

அந்தப் பக்கம் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னைக்கு நான் வாசல்லதானே நின்னேன்," என்றாள். "அப்ப ஏன் சொல்லல?"

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

வெளியே ஒரு ஜோடி காரில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். ஜன்னலில் குனிந்து வழக்கம்போல் இடத்தைப் போட்டார். 'நல்ல ரோடு' இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அந்தப் பெண் ஓரத்துப் பட்டனைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள்.

மாமா அதை அழுத்தினார். திரை கறுத்தது. இன்னொரு முறை அழுத்தினார், வெளுத்தது.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "வெளிச்சத்தைக் குறைக்கிறது. தாராளமா அழுத்தலாம்."