கார்ட் பெட்டியின் சிவப்பு லைட்

வெள்ளவத்தையில் மாடல் ரயில் திருத்துவதுதான் என் வேலை. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்காக, ரயிலின் கடைசியில் வரும் கார்ட் பெட்டியின் முழ நீள மாடல் ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, பேட்டரி வைத்து, மின்னும் பின்லைட் பூட்டி, பஸ்ஸில் கொண்டுபோனேன். பஸ்களில் குண்டு வெடித்த யுத்த காலம் அது. மேல்தட்டில் வைத்த பேக் குலுங்கியதில் லைட் தானாகவே மின்னத் தொடங்கிவிட்டது.

"பேக்குக்குள்ள என்னமோ மின்னுது!" என்று ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் விழுந்தடித்து இறங்கினோம்.

"யார்ட பேக் இது?" என்று கொண்டக்டர் கேட்டார்.

உள்ளே வயரும் பேட்டரியும். என் பொக்கெட்டில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. பயத்தில் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

அவர் தனியாக ஏறிப்போய்ப் பேக்கைத் திறந்தார். அது வெடிக்காது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஸிப்பை இழுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெட்டியோடு இறங்கி வந்தவர், என் நகங்களில் ஒட்டியிருந்த அதே சிவப்புப் பெயின்டைக் கண்டார். யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிய பிறகு பெட்டியை என் கையில் வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கு, ஐயா."