மெடிக்கல் கார்டு இல்லாத வீடு

ஜீடிமெட்லாவில் இன்று நிற்கிற மருந்துக் கம்பெனிகளில் பாதிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியவன் நான். பாறையை உடைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினேன், பாய்லருக்கு அடித்தளம் போட்டேன், ஆசிட் சிந்தினாலும் அரிக்காத தரை போட்டுக் கொடுத்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. திருநெல்வேலியிலிருந்து ஒரு கொத்தனார் கரண்டியோடு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து இறங்கியவன் மெட்டுகுடாவில் சொந்த வீடும் கட்டினேன். யார் சிபாரிசும் கிடையாது.

மெடிக்கல் கார்டு ஒன்றுதான் இல்லை. எங்கள் சனத்தில் பொதுத்துறைக் கம்பெனி வேலைக்காரர்களுக்கெல்லாம் அது இருந்தது. குடும்பம் முழுவதுக்கும் கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். காண்ட்ராக்டருக்கு யார் கொடுப்பார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் என் இளைய மகளுக்கு ஒன்பது வயது. சோற்றில் கை வைத்தபடியே எழுந்து போவாள். பால் வாங்க அனுப்பினால் தூக்குவாளியை எங்கோ வைத்துவிட்டு, கண்ணில் பட்டதன் பின்னால் நடந்துவிடுவாள். எங்கள் சந்து முடிகிற இடத்தில் ரயில் பாதை. ஒருநாள் கேட்மேன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வண்டி ஊதியும் நகராமல் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். அதன்பிறகு வண்டிச் சத்தம் கேட்டாலே என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு அவளைத் தேடி ஓடுவாள். மாரெட்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அடித்தோம். போதகரை அழைத்து ஜெபம் செய்தோம். தனியார் டாக்டர் ஒருவர் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார்; அவர் சொன்ன செலவு அன்றைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

சகலைதான் யோசனை சொன்னார். "அண்ணாச்சி, எம் மவளுக்கும் இதே வயசுதான். எம் மவதான்னு சொல்லி எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். யாரு கேக்கப் போறா?"

எங்கள் ஆட்கள் பலர் செய்ததுதான். மாமியாரைத் தன்னைப் பெற்ற தாய் என்று காட்டிக் கண் ஆபரேஷன் முடித்தவர்கள் உண்டு. கார்டில் பிள்ளைகளுக்குப் போட்டோ கிடையாது. ஒரு வாரம் அவளுக்குச் சித்தி மகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பெயர் கேட்டதும் மகள் சரியாகச் சொன்னாள். மூச்சு விட்டோம். அடுத்த நொடியே மேஜை டிராயரை இழுத்துக்கொண்டு, "அது சித்தி மவ பேரு. சொல்லக் கூடாதுன்னாங்க," என்று இந்தியில் சேர்த்துச் சொன்னாள்.

சகலைக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா ஒரு வரி எழுதினால் அவர் வேலை போய்விடும். பேனா காகிதத்தின் மேல் நின்றது. "கைக்கு பாய்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: "எனக்குக் கார்டு கிடையாது அம்மா. வீட்டுப் பக்கத்தில் தண்டவாளம் இருக்கு."

அவர் எழுதவில்லை. கார்டைச் சகலையிடம் திருப்பிக் கொடுத்தார். இது குறும்பு மாதிரித் தெரியவில்லை, நோயாக இருக்கலாம், அரசாங்க மனநல ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள், உடனே போ என்றார்.

வீட்டில் என் மனைவி கதவை மறித்துக்கொண்டாள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கு எவன் இவளக் கட்டுவான்?"

"மொதல்ல இவ உசுரோட இருக்கட்டும்," என்றேன்.

தனியாகத்தான் கூட்டிப் போனேன். இரும்புக் கேட்டுக்குள் நுழைந்தால் நீண்ட தாழ்வாரம். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு ஆள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எதையும் பிடித்துக்கொண்டு நிற்காத என் மகள் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

சில வாரம் பார்த்தபின் டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். மனசு ஒன்றில் நிற்காத, உடம்பு அடங்காத நோயாம்; இப்போது என் பேத்தி அதை ஏடிஎச்டி என்கிறாள். மாத்திரையும் அங்கேயே கொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மாத்திரை தொடங்கியதும் பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை. மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். விளக்கை அணைக்கிற மாதிரிப் பிள்ளையை அணைத்துவிட்டார்களோ என்று மறுபடி ஓடினேன். அளவைக் குறைத்தார்கள். மெல்லப் பேச்சு திரும்பியது. மருந்து இருப்பு இல்லை என்று கவுண்டரில் கையை விரித்த வாரங்களில் அவளை ஜீடிமெட்லாவுக்குக் கூட்டிப் போய், என் இடுப்பிலும் அவள் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். மேஸ்திரிகள் சிரித்தார்கள். நான் அவிழ்க்கவில்லை.

அவள் வளர்ந்தாள், படித்தாள், பேங்கில் உட்கார்ந்தாள். போன மாதம் அவள் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தில் சகலை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எங்க கம்பெனி ஆஸ்பத்திரிலதான் இவ சீக்கையே கண்டுபிடிச்சோம்." எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகளும் சிரித்தபடி ஆட்டினாள்.

கார்டு நீட்டியது சகலைதான், மறுக்கவில்லை. வழி சொன்னது டாக்டரம்மா. ஆனால் பெற்றவளே மறித்தபோது அந்தக் கேட்டுக்குள் கூட்டிப் போனவன், வாரம் தவறாமல் வரிசையில் நின்றவன் நான். அதே சபையில், அதே ஆட்கள் முன்னால், என் மகள் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நான் கண்மூடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.